மில் சுவருக்கு அந்தப்பக்கம்

ஒரு மோட்டார் ஷாப்ட், அதாவது மோட்டாருக்குள் சுற்றும் தண்டு, முழுசாகத் தயாராக எங்கள் ஊரில் எத்தனை கிலோமீட்டர் அலைகிறது தெரியுமா? போன செவ்வாய்க்கிழமை வண்டி மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கணபதியில் கம்பி அறுத்து வாங்கி, ஆவாரம்பாளையத்தில் என் பட்டறைக்குக் கொண்டுவந்து கடைசல் பிடித்தோம். ரோட்டர் ஏற்ற ஒரு இடம், கீவே என்கிற பள்ளம் வெட்ட இன்னொரு இடம். கிரைண்டிங் செய்கிறவர் சின்னவேடம்பட்டியில் இருக்கிறார். சுற்றும்போது ஆடாதபடி பேலன்சிங் பார்க்கிறவர் அதற்கு நேர் எதிர்த்திசையில். எல்லாம் முடிந்து மோட்டார் கம்பெனியில் இறக்கும்போது 31 கிலோமீட்டர் ஆகியிருந்தது. அத்தனையும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில், முன்னால் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு.

கோவையில் ஜாப் ஆர்டர், அதாவது அடுத்த கம்பெனிக்குக் கூலிக்கு வேலை, எடுத்துச் செய்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வீடுகளுக்கு நடுவே ஒரு வாடகை ஷெட். லாரி உள்ளே வர முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெஷின் ஓடினால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்காது, அவர்கள் வந்து சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடத்துக்காரர் ஒருநாள் வந்து, 'அபார்ட்மென்ட் கட்டக் கேக்கறாங்க, மூணு மாசத்துல காலி பண்ணிக்குங்க' என்பார். பன்னிரண்டு வருடத்தில் நான் மூன்று முறை பட்டறை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் லேத்தைத் தூக்கி இறக்கி, பவுண்டேஷன் போட்டு, லெவல் பார்த்து, கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலைந்து முடிப்பதற்குள் இரண்டு மாத வருமானம் போய்விடும்.

இந்த அலைச்சலுக்கு நடுவே தினமும் ஒரு மூடிய மில்லின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போகிறேன். வண்டியில் போனாலும் முடியாத நீளத்துக்குச் சுவர். உள்ளே ஏக்கர் கணக்கில் இடம், கூரை, மரங்கள், கிணறு. வெளியே நாங்கள் நானூறு சதுர அடிக்கு அடித்துக்கொள்கிறோம். இதைத்தான் இன்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

என் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் பதிலியாக, அதாவது வராதவருக்குப் பதில் ஆளாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமாகி, இருபத்து நான்கு வருடம் நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷினில் அறுந்த நூலை இணைக்கும் சைடராக இருந்தவர். ஒருநாள் முழு நைட் முடிந்து தூக்குப்போசியோடு வந்தவர், மறுநாள் போனபோது கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வரவேண்டிய பணம் ஒன்பது வருடம் கழித்து, பாதிதான் வந்தது. அந்த மில்லின் பெயர் இங்கே வேண்டாம். அந்த இடத்தில் என்ன வந்தாலும் எனக்கு என்ன என்று அப்பா கடைசிவரை நினைக்கவில்லை. 'அந்த எடத்துல நாலு பேரு சோறு திங்கற மாதிரி ஏதாச்சும் வரோணும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தனியார் மில்களை விடுங்கள், அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறதே! நலிந்த பஞ்சாலைகளை 1970களில் மத்திய அரசு நாட்டுடைமை ஆக்கித் தேசிய பஞ்சாலைக் கழகத்திடம் கொடுத்தது. கோவையில் அந்தக் கழகத்துக்கு ஐந்து மில்கள்: முருகன் மில், பங்கஜா மில், கம்போடியா மில், ரங்கவிலாஸ் மில், 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில். 2020 மார்ச் ஊரடங்கில் ஐந்தும் நின்றன, அதன்பின் முன்போல ஓடவில்லை. ரங்கவிலாஸ் என்றால் எங்களுக்கு வெறும் மில் இல்லை. 1946 ஜனவரி 8-ம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் அந்த மில் தொழிலாளிகள். அப்படிப்பட்ட நிலத்தைச் சும்மா ஒரு 'பிராப்பர்ட்டி' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

மூடிய மில் நிலம் இந்த ஊரில் வழக்கமாக என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மால் வரும், அல்லது அடுக்குமாடி வரும். மாலுக்கு நானும் குழந்தைகளைக் கூட்டிப் போகிறேன், அதில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். ஆனால் பில் போடுகிற வேலையில் ஒரு பையன் பத்து வருடம் இருந்தாலும் தனியாகத் தொழில் தொடங்க முடியாது. லேத்தில் பத்து வருடம் நின்ற பையன் பதினோராவது வருடம் பழைய மெஷின் ஒன்று வாங்கிப்போட்டு முதலாளி ஆகிவிடுவான். நான் அப்படித்தான் ஆனேன். கொங்கு நாடு வளர்ந்ததும் அப்படித்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது, மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்ததும் மில்கள் பெருகின. மில் மெஷினுக்கு உதிரி பாகம் சீமையிலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது என்று பட்டறைகள் வந்தன, பட்டறைக்கு வார்ப்பு வேண்டும் என்று பவுண்டரிகள் வந்தன. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக விவசாயிகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மின் மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். பம்ப்செட், வெட் கிரைண்டர், மில் மெஷினரி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். மில்லின் மடியில்தான் பட்டறை பிறந்தது. பெற்ற தாய் போய்விட்டாள், அவள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு அறை கொடுங்கள் என்று கேட்கிறேன்.

அந்த வீடு எங்களுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய மில் கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும், பார்த்திருப்பீர்கள். வடக்குப் பார்த்த கண்ணாடி வழியாக நாள் முழுக்க வெயில் அடிக்காத வெளிச்சம் உள்ளே வரும். நூல் அறுந்தால் சைடர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டியது. மைக்ரோமீட்டர் பிடித்து அளவு பார்க்கிற எனக்கும் அதே வெளிச்சம்தான் வேண்டும். பகலில் டியூப்லைட் போடாமல் வேலை செய்யலாம். மெஷின்களின் எடையைப் பல வருடம் தாங்கிய தரை. உயர் அழுத்த மின்சாரம் வருவதற்கான ஏற்பாடு, லாரி திரும்புகிற அகலத்தில் ரோடு. பஸ் வேறு வாசலிலேயே நிற்கிறது. புதிதாக ஒரு தொழிற்பேட்டை அமைக்க முதல் நாலைந்து வருடம் இவற்றுக்கே போய்விடும். பழைய கட்டடத்தின் உறுதியை இன்ஜினியரை வைத்துப் பார்த்து, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் இடங்களில் முறைப்படி அகற்ற வேண்டும். அந்தச் செலவை நான் மறைக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒரு மில்லை முதலில் எடுங்கள். ஐநூறு, ஆயிரம், இரண்டாயிரம் சதுர அடி என்று தடுத்துக் குறுந்தொழில்காரர்களுக்கு நீண்ட கால வாடகைக்குக் கொடுங்கள். விற்க வேண்டாம். விற்றால் பத்து வருடத்தில் பெரிய கை ஒன்று எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்துவிடும். நடுவே எல்லோருக்கும் பொதுவாக இரும்பைச் சூடாக்கி உறுதியேற்ற ஒரு ஹீட் டிரீட்மென்ட், ஒரு பேலன்சிங், அளவு சரிபார்க்க ஒரு லேப். ஐடிஐ பிள்ளைகள் அங்கேயே வந்து பழகட்டும். வேலைக்கு வருகிற பெண்களுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளும் இடம் கட்டாயம் வேண்டும், அது இல்லாததால் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் நல்ல வைண்டிங் கைகளை நாங்கள் இழந்துகொண்டிருக்கிறோம். பொதுவாகச் சேர்ந்து ஒன்றை நடத்துவது நமக்குப் புதுசும் இல்லை. பஞ்சாலைகள் சேர்ந்து 1956-ல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கின, பம்ப் தயாரிப்பாளர்கள் சேர்ந்து சிடார்க் என்ற சோதனைக்கூடத்தை உருவாக்கினார்கள். இரண்டும் இன்றைக்கும் இந்த ஊரில் நடக்கின்றன. என் ஷாப்ட் 31 கிலோமீட்டர் போனது முன்னூறு மீட்டரில் முடிந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது, பல வருடம் பூட்டிக் கிடந்து, பிறகு சால்காம்ப் என்ற கம்பெனி வந்து சார்ஜர் செய்யத் தொடங்கியது. நல்ல விஷயம். அந்த மாதிரி ஒரு பெரிய கம்பெனி வரட்டும் என்று நம் ஊர் அதிகாரிகள் சிலர் காத்திருப்பதாகத் தோன்றுகிறது. எங்கள் ஊரின் பலம் நூறு சின்ன ஆட்கள். ஒரு பெரிய ஆள் போனால் ஊரே படுத்துவிடும், நூறில் பத்து போனாலும் ஊர் நிற்கும்.

அப்புறம், 'அது உரிமையாளர் நிலம், நீ யார் கேட்க?' என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, நியாயமான கேள்வி. ஆனால் தொழிற்சாலைக்கு என்று வகைப்படுத்திய நிலத்தை வணிகம், குடியிருப்பு என்று மாற்றிக் கொடுப்பது அரசாங்கம். அந்த ஒரு கையெழுத்தில் நிலத்தின் விலை பல மடங்கு ஏறுகிறது. ஏறுவதில் ஊருக்கு ஒரு பங்கு வேண்டும் அல்லவா? பம்பாயில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் வரிசையாக மூடியபோது, 1991-ல் ஒரு விதி போட்டார்கள். மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு வீட்டுவசதிக்கு, மீதிதான் உரிமையாளருக்கு. படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் 2001-ல் அந்த விதியைத் திருத்தி, ஏற்கனவே கட்டடம் இல்லாமல் காலியாக இருந்த பகுதிக்கு மட்டும் அந்தப் பங்கு என்று ஆக்கிவிட்டார்கள். மில்லில் கட்டடம் போக மீதி எவ்வளவு இருக்கும்? ஊருக்கு வரவேண்டியது சுருங்கிப்போனது. வழக்குப் போட்டும், 2006-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இங்கே விதி போடுவதாக இருந்தால் மொத்த நிலத்துக்கும் சேர்த்து, தெளிவாக, நிலம் கைமாறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும்.

இன்னொரு பக்கம் 2021-ல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் தொழிற்பூங்காவுக்காக 3,800 ஏக்கருக்கு மேல் எடுக்க அரசாணை வந்தது. விவசாயிகள் மாதக்கணக்கில் போராடிய பிறகுதான், அவர்கள் விருப்பம் இல்லாமல் விவசாய நிலத்தை எடுப்பதில்லை என்று அரசு சொன்னது. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்காக அறுபது வருடமாகக் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில்தான் தண்ணீர் வந்த பூமி அது. அதில் போய்க் கல் நடுவதற்கு முன்னால், ஊருக்குள் ஏற்கனவே தொழிலுக்கென்று ஒதுக்கி இன்று சும்மா கிடக்கிற நிலத்தின் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சேலம் உருக்காலைக்காக 1970களில் ஜனங்கள் கொடுத்த நிலத்திலும் நிறைய இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

எல்லா மூடிய ஆலையையும் ஒரே கணக்கில் சேர்க்கவும் கூடாது. செயற்கை இழை செய்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானியில் கலந்து கீழே இருந்த ஊர்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதா? கந்தக அமிலமும் துத்தநாக சல்பேட்டும் கார்பன் டைசல்பைடும் புழங்கிய மண் அது. மேட்டூரில் மால்கோ ஆலை 2008-ல் அலுமினிய உற்பத்தியை நிறுத்தியது, அதில் மிஞ்சிய செஞ்சேற்றுக் கழிவு அங்கேயே இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துச் சுத்தம் செய்யாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. நூல் மில் நிலம் அந்த அளவுக்குக் கெட்டதில்லை. அதனால்தான் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். சாயத் தொழிலை மட்டும் உள்ளே விட வேண்டாம். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடியதையும், அதற்கு முன் நொய்யல் ஆறு போன கதியையும் பார்த்தவர்கள் நாம்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவரிடம் சொன்னேன். வயது எழுபத்தொன்பது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'எல்லாஞ் செரி கண்ணு, மொதல்ல எங்க பாக்கிய குடுத்துப்போட்டு அப்பறம் செவத்துல கைய வெக்கச் சொல்லு' என்றார். 'ஆமாங்க மாமா, அதுதான் முதல் வரிங்க' என்று கலெக்டருக்கு எழுதிக்கொண்டிருந்த மனுவில் அங்கேயே எழுதினேன். நிலத்திலிருந்து ஒரு ரூபாய் வந்தாலும் முதலில் பழைய தொழிலாளிகளின் நிலுவை. வைப்புநிதி, கிராஜுவிட்டி, ஊரடங்குக்குப் பிறகு நின்ற சம்பளம், எல்லாம். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஷெட்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் இந்த மனுவைக் கொடுக்கப் போகிறேன். பட்டறை வைத்திருக்கிறவர்கள் உங்கள் ஏரியா, எத்தனை சதுர அடி, மாத வாடகை, எத்தனை முறை இடம் மாறினீர்கள், இந்த நாலை மட்டும் எனக்கு அனுப்புங்கள். மில்லில் நிலுவை வரவேண்டியவர்கள் எந்த வருடம் சேர்ந்தீர்கள், எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி மனுவோடு சேர்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு வாசலில் இருப்பேன். மாமாவும் பஸ் ஏறி வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.