படத்தைப் பார்த்தீங்களா, சீட்டைப் பார்த்தீங்களா?

மூணு நாளா வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி அந்த வீடியோ எங்க உதிரிபாகக் கடைக்காரங்க வாட்ஸப் குரூப்புக்கே வந்துடுச்சு. "அண்ணே, இது உங்களைத்தானே சொல்றார்?"னு ஒரு தம்பி கேட்டு, கீழ சிரிப்புப் பொம்மை நாலு போட்டிருக்கான். இனிமேலும் சும்மா இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

வீடியோவைப் பார்க்காதவங்களுக்கு ஒரு வரி: என் படமும் வச்சிருந்த ஓவியக் கண்காட்சியில, மூத்த ஓவியர் ஐயா ஒருத்தர் மேடையில சொன்னது இது. "செல்போன்ல படம் கத்துக்கிட்டவங்களையும் ஓவியர்னு கூப்பிடற காலம் வந்துடுச்சு, சரஸ்வதிதான் காப்பாத்தணும்." அரங்கமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். உத்துப் பார்த்தீங்கன்னா ரெண்டாவது வரிசையில நான் பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கறது தெரியும். நாலு பேர் நடுவுல வேற என்னங்க பண்றது?

அந்த ஐயா பேரை நான் எழுதப் போறதில்லை. நாப்பது வருஷம் தூரிகை பிடிச்ச கை. அவர் வரைஞ்ச சந்தைக் காட்சி ஒண்ணைப் பார்த்துட்டு ராத்திரி தூங்காம கிடந்தவன் நான். அதனாலதான் வலிக்குது. தெரியாத ஆள் சொல்லியிருந்தா டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மறந்திருப்பேன்.

வீடியோவுல இல்லாத ஒண்ணைச் சொல்றேன். மேடை ஏறறதுக்கு முன்னாடி ஐயா எல்லாப் படத்தையும் சுத்தி வந்தார். என் படம் இடது சுவர்ல மூணாவது. 16-க்கு 20 இஞ்ச் கேன்வாஸ். பித்தளைச் சொம்பு, பக்கத்துல மூணு கத்திரிக்காய், கீழ மடிச்ச துண்டு. ஐயா வந்தார். குனிஞ்சார். கண்ணாடியைப் போட்டார். படத்துக்குக் கீழ விசிட்டிங் கார்டு அளவுல ஒட்டியிருந்த சீட்டைப் படிச்சார். 'இரண்டாண்டு இணையவழி நுண்கலைப் பயிற்சி'ன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன், பெருமையா. "ஆன்லைனா?"ன்னார். கண்ணாடியைக் கழட்டிட்டு நாலாவது படத்துக்குப் போயிட்டார்.

அவர் படத்தைப் பார்க்கலை. நான் சொல்றது இவ்வளவுதான். படம் கேவலமா இருக்குன்னு சொல்லியிருந்தா இந்தப் பதிவே கிடையாது. சொல்லணும்னா படத்தைப் பார்த்திருக்கணுமே!

சரி, 'செல்போன்ல கத்துக்கிட்டது'ன்னா என்னன்னு தெரிஞ்சுக்கலாம். ராத்திரி எட்டரைக்கு ஷட்டரை இறக்குவேன். ஒன்பதுக்கு வகுப்பு. கடைக்குப் பின்னாடி டயர் அடுக்கற அறையில படத்தை நிறுத்த ஒரு ஈஸல், ஒரு ட்யூப்லைட், ஃபோனை நிறுத்த ஸ்டாண்ட். சொல்லித்தர்ற சார் பரோடாவுல படிச்சவர், பெங்களூர்ல இருக்கார். எங்க பேட்ச்ல பன்னிரண்டு பேர். மஸ்கட்ல நர்ஸா இருக்கற ஒரு அம்மா, ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருத்தர், கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. அந்தக் குழந்தை அழுதா யாரும் மியூட் போடச் சொல்ல மாட்டோம், சார் சொல்றதை நிறுத்திட்டு சிரிப்பார்.

முதல் அஞ்சு மாசம் கலரே கிடையாது. வெறும் பென்சில், கரி. பெட்டி, உருளை, உருண்டை. அப்புறம் 19-ம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல சார்ல் பார்க்னு ஒரு ஓவியர் போட்ட பயிற்சித் தாள்களைப் பார்த்து அப்படியே வரையணும். பிளாஸ்டர் காலு, பிளாஸ்டர் மூக்கு. கோணம் பார்க்க ஒரு நூலைத் தொங்கவிட்டு அதோட ஒப்பிடணும்னு சார் சொன்னார். கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. நான் நூல்ல ஒரு 10 எம்எம் நட்டைக் கட்டிக்கிட்டேன், அதுக்கா பஞ்சம் நம்ம கடையில? ஒரு பாதத்தை வரைஞ்சு முடிக்க மூணு வாரம் ஆச்சு. கட்டை விரலுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற நிழல் மட்டும் நாலு நாள்.

சொம்பு வரையறப்போ வாய் வட்டம் வரவே இல்லை. ரெண்டு ஓரத்துலயும் எலுமிச்சம்பழ முனை மாதிரி கூர் வந்துடும். ஃபோட்டோ எடுத்து அனுப்புவேன், சார் அது மேல சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். "வட்டம் எங்கேயும் உடையாது, ஓரத்துல திரும்பும்." மறுபடி வரைவேன். மறுபடி சிவப்புக் கோடு. பதினாலு தடவை. பதினைஞ்சாவது தடவை கோடு இல்லாம வந்துச்சு. ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன். "சொம்புதானே"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க.

இப்ப கேக்கறேன், இது செல்போன்ல கத்துக்கிட்டதா, பதினாலு தப்புல கத்துக்கிட்டதா?

ஆயில் கலர் கதை தனி. ஆயில்னா எனக்கு ட்வென்டி டபிள்யூ ஃபார்ட்டி எஞ்சின் ஆயில்தான். இருபது வருஷமா கையெல்லாம் ஆயில், எனக்கே பாடமான்னு ஒரு திமிர். முதல் கேன்வாஸ்ல கலர்ல கலக்கற லின்சீட் எண்ணெயை, அதான் ஆளிவிதை எண்ணெயை, தாராளமா ஊத்தினேன். கொஞ்ச நாள்ல பால் மேல ஆடை சுருங்கற மாதிரி சுருங்கிடுச்சு. கீழ் அடுக்குல எண்ணெய் கம்மி, மேல போகப் போகத்தான் எண்ணெய் கூடணும், இல்லைன்னா மேல காஞ்சு கீழ காயாம வெடிச்சுடும்னு சார் அப்பத்தான் காரணத்தோட சொன்னார். லின்சீட் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்லை. காத்துல இருக்கற ஆக்சிஜனை இழுத்து இறுகுது. இறுகறப்போ சூடும் வெளியேறுது.

அந்தச் சூட்டை நான் கையால தொட்டுப் பார்த்தவன். தூரிகை துடைச்ச காட்டன் வேஸ்ட்டைக் கடை வழக்கப்படி மூலையில குமிச்சு வச்சிருந்தேன். காலையில எடுக்கப் போனா உள்ளே வெதுவெதுன்னு இருக்கு, யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன பாய் மாதிரி. எஞ்சின் ஆயில் துணி இப்படிச் சூடாகி நான் பார்த்ததே இல்லை. சாருக்கு ஃபோன் பண்ணினேன். மனுஷன் பதறிட்டார். குவியலா விட்டா தானாவே தீப்பிடிக்கும், உடனே தண்ணியில முக்குங்க, இனிமே மூடி போட்ட தகர டப்பாவுல தண்ணி ஊத்தி அதுல போடுங்கன்னார். பக்கத்துல நூத்தி இருபது டயர். ஸ்டுடியோவுல என் பக்கத்துல நிக்காத குருதான் அன்னிக்கு என் கடையைக் காப்பாத்தினார்.

"என்ன இருந்தாலும் குரு நேர்ல இருக்கணும்"னு சிலர் கமென்ட்ல வருவீங்க. ஒத்துக்கறேன். ஃபோன் கேமரா பொய் சொல்லும். பின்னாடி வெள்ளைச் சுவர் இருந்தா படத்தை இருட்டாக்கிக் காட்டும். ஒரு தடவை அதைப் பார்த்து சார் நிழல் ரொம்பக் கறுப்புன்னார். நான் நல்லா இருந்த நிழலைக் கெடுத்து ஒரு வாரத்தை வீணடிச்சேன். சிவப்பு ஆரஞ்சா வரும், கத்திரிக்காய் நீலமாயிடும். இன்னொண்ணும் சொல்லிடறேன், எதிராளிக்கு லட்டு மாதிரி இருக்கும்: போன வருஷம் பெங்களூர் போய் சாரை நேர்ல பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடிச்சு, தூரிகையை எவ்வளவு அழுத்தணும்னு பத்து நிமிஷம் காட்டினார். அந்தப் பத்து நிமிஷம் ஆறு மாச வகுப்புக்குச் சமம். போதுமா? எனக்கு வேணாம்னா சொன்னேன்? கிடைக்கலைங்க.

"காலேஜ்ல நாலு வருஷம் படிச்சவனும் நீயும் ஒண்ணா?" யார் சொன்னா ஒண்ணுன்னு? சென்னை எழும்பூர் ஓவியக் கல்லூரி 1850-ல் ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொழில்படி ஒரு டாக்டர், அன்னிக்கு யாரும் அவர்கிட்ட சீட்டு கேக்கலை போல. சரக்கெடுக்கச் சென்னை போனப்போ அந்த வாசல்ல நின்னு சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துட்டுத் திரும்பியிருக்கேன். உள்ளே போகலை. வாட்ச்மேன் ஏதும் கேக்கலை, எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு. 44 வயசு, கடை லோன், ரெண்டு பிள்ளைங்க. நாலு வருஷம் ஷட்டரை இறக்கிட்டு வரச் சொல்றீங்களா? கேஷ் கவுன்ட்டர்ல ஐயா உட்காருவாரா?

"30 நாளில் ஓவியர் ஆகலாம்"னு விளம்பரம் போடறவன் இருக்கானேன்னா, இருக்கான். அதுக்கு நான் என்ன பண்றது? போலி ஸ்பார்க் பிளக் விக்கறவனும் இருக்கான், அதுக்காக நீங்க வண்டி ஓட்டறதை நிறுத்திட்டீங்களா?

இதுல என்ன வேடிக்கைன்னா, தூரத்துல இருந்து கத்துக்கறது நேத்து வந்த வழக்கம் இல்லை. மேல சொன்னேனே, பார்க் தாள்கள். 1880-ல் பெல்ஜியத்துல ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, அந்தத் தாள்களை அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதி வாங்கி, ஒண்ணு விடாம வரைஞ்சு பழகினார் ஒருத்தர். அவர் பேர் வின்சென்ட் வான்கோ. அன்னிக்குத் தபால், இன்னிக்கு ஃபோன்.

ரவிவர்மாவை எடுத்துக்கங்க. திருவிதாங்கூர் அரண்மனையில எண்ணெய் வண்ணம் தெரிஞ்சவர் நம்ம மதுரை ராமசாமி நாயக்கர். பையன் கேட்டான், அவர் சொல்லித்தர மாட்டேன்னுட்டார். அவரோட சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாம வந்து உதவினார். 1868-ல் தியோடர் ஜென்சன்னு ஒரு வெள்ளைக்காரர் அரண்மனைக்கு வரைய வந்தார். அவரும் சொல்லித்தரலை, வரையறப்போ பார்த்துக்கோன்னு விட்டார், அவ்வளவுதான். பார்த்தான். அஞ்சே வருஷத்துல, 1873-ல், சென்னைக் கண்காட்சியில தங்கப் பதக்கம். நீ என்ன ரவிவர்மாவான்னு கேக்காதீங்க. நான் உதிரிபாகக் கடைக்காரன். சொல்லித்தர மாட்டேன்னவங்க கதை எவ்வளவு பழசுன்னு மட்டும்தான் சொல்றேன்.

எனக்கும் ஒரு நாயக்கர் இருந்தார். 1994, எனக்குப் பன்னிரண்டு வயசு. கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போர்டு எழுதற ஒரு அண்ணன் கடை. ஸ்கூல் விட்டதும் அங்கதான் போய் நிப்பேன். டீ வாங்கித் தருவேன், டப்பா கழுவுவேன், எனாமல் பெயின்ட்டைக் குச்சியால கலக்குவேன். ஃபோட்டோ மேல கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் தகரத்துல பெருசா போட்டு, கட்டம் கட்டமா முகத்தைக் கொண்டு வருவார். மந்திரம் மாதிரி இருக்கும். ரெண்டு வருஷம் போனேன். ஒருநாள் கூடத் தூரிகையைக் கையில கொடுக்கலை. "நீ கத்துக்கிட்டா நான் சாப்பாட்டுக்கு எங்கடா போறது"ம்பார், சிரிச்சுக்கிட்டே. வரைஞ்சு முடிச்சதும் கட்டத்தை எல்லாம் அழிச்சுட்டுத்தான் என்னைப் பக்கத்துல விடுவார்.

கோபமில்லை அவர் மேல. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தக் கடையும் போச்சு. ஒரு தடவை எங்க கடைக்கு பேனர் அடிக்கப் போனேன். ஃப்ளெக்ஸ் கடையில கம்ப்யூட்டர் பையனுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எழுத்துப்பிழை பார்த்துக்கிட்டு இருந்தார். என்னை அடையாளம் தெரியலை. "'உதிரிபாகம்' சேர்த்து எழுதணும் தம்பி"ன்னு பையன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தார். பூட்டி பூட்டி வச்ச வித்தை, கடைசியில அவர்கிட்டயே தங்கலை. ஐயாவை நினைச்சா அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வருது. இதை எழுதலாமான்னு யோசிச்சேன், எழுதிட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்கங்க.

எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ வந்துட்டேன். விஷயம் ஓவியர்ங்கற பட்டம் பத்தினது இல்லை. அந்தச் சீட்டுல 'ஓவியர்'னு நான் போடவே இல்லை, வேணும்னா போய்ப் பாருங்க. பேர், ஊர், பயிற்சி, அவ்வளவுதான். ஓவியர்னு கூப்பிட்டது விழாக் கமிட்டி. திட்டு எனக்கு.

நேத்து கமிட்டியில இருந்து ஒருத்தர் ஃபோன். "அண்ணே, பிரச்சினை வேணாம், அந்த ஆன்லைன் வரியை மட்டும் எடுத்துடலாமா, ஐயா இன்னொரு தடவை வர்றார்"னு. எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். என் சார் பேரைத்தான் போட இடமில்லை, அவர் சொல்லிக்கொடுத்ததையுமா மறைக்கணும்?

கடைசியா ஒண்ணு. அந்தப் படத்துல ஒரு தப்பு இருக்கு. ஃப்ரேம் போட்டதுக்கு அப்புறம்தான் சார் கண்டுபிடிச்சார். நாம மேல இருந்து பார்க்கறப்போ சொம்போட வாயை விட அடிவட்டம் கொஞ்சம் அகலமாத் திறந்து தெரியணும். நான் அடியைத் தட்டையாக்கிட்டேன். அதனால சொம்பு துண்டு மேல உட்காராம லேசா மிதக்குது. வகுப்புல யாருக்கும் தெரியலை, வீட்டுல யாருக்கும் தெரியலை, கண்காட்சிக்கு வந்த யாரும் சொல்லலை. நாப்பது வருஷக் கண்ணு, அரை நிமிஷம் நின்னிருந்தா பிடிச்சிருக்கும். மேடையிலயே மைக்கைப் பிடிச்சு "சொம்பு மிதக்குதுய்யா"ன்னு சொல்லியிருந்தா, அங்கேயே எந்திரிச்சுக் கும்பிட்டிருப்பேன்.

படம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருக்கும். இடது சுவர், மூணாவது.