கீழ்வீடு கேட்பது சலுகை இல்லை

ஒரு வீடியோ எல்லார் டைம்லைனிலும் சுற்றுகிறது. ஆற்றங்கரையிலிருந்து மாற்றப்படுகிறவர்களுக்கு அரசு அடுக்குமாடி வீடு ஒதுக்கும் குலுக்கலில் மூன்றாம் மாடி விழுந்த ஒரு அம்மா, உடம்பு முடியவில்லை என்று கீழ்வீடு, அதாவது தரைத்தள வீடு, கேட்கிறார். பின்னாலிருந்து ஒருவர், "நல்லாத்தானே நடந்து வந்துச்சு, இதுக்கு என்ன மெடிக்கல்?" என்கிறார். அதற்கு அத்தனை சிரிப்புக் குறிகள். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அவர் நடந்து வந்தது சமதரையில். பிரச்சினை படிக்கட்டு. யாருக்குப் பெரிய நோய் என்று போட்டி வைத்து வீடு கொடுப்பதற்குப் பேர் மருத்துவ முன்னுரிமை இல்லை. இந்த உடம்பால் இந்த வீட்டில் குடியிருக்க முடியுமா? அதை மட்டும்தான் கேட்க வேண்டும்.

ஒரு மாடிக்குச் சுமார் 18 படி. மூன்றாம் மாடிக்கு 54. சிறுநீரகம் செயலிழந்து, மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் எடுப்பவர் வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் படுத்து எழுந்து வருகிறார். உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீர் எடுத்திருப்பார்கள். பிரஷர் இறங்கித் தலை சுற்றும் நேரத்தில்தான் அந்த 54 படி. டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாயை இணைத்து ஃபிஸ்துலா போட்ட கையில் கனம் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குழாயோ கீழே. வயிற்று வழி டயாலிசிஸ் என்றால் தினம் மூன்று நாலு பை திரவம், ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர். மாசத்துக்கு 200 கிலோ சரக்கை மாடிக்கு யார் சுமப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு பிளாக்கில் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். இரண்டாம் மாடிப் பெரியவருக்கு நுரையீரல் அடைப்பு. அவர் மகள் போட்டு வைத்தது. அவரும் தெருவில் நல்லாத்தான் நடப்பார்.

"சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு 5 சதவீத ஒதுக்கீடு இருக்கே" என்கிறார்கள். இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 37. ஆனால் அதற்கு 40 சதவீத ஊனச் சான்று வேண்டும், சட்டத்தின் 21 வகைக்குள் வரவும் வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பு அந்த 21-இல் இல்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பும் இல்லை. சண்டை ஆரம்பிக்கிற இடமே இதுதான். மாற்றுத்திறனாளி கார்டு இல்லாதவர் எல்லாரும் பொய் சொல்கிறவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

"பொய்ச் சான்று வாங்குறாங்களே?" வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. நோயின் பேரை மட்டும் பார்த்தால் ஏமாற்றுவது சுலபம். எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆக்ஸிஜன் மெஷினுக்குக் கரண்ட் போனால் என்ன வழி, கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியுமா என்று டாக்டர் எழுதினால் நேரில் போய்ச் சரிபார்க்கலாம். "நோயாளிக்கு உதவவும்" என்ற ஒற்றை வரிச் சீட்டை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மனு எழுதித் தருகிற தம்பிகள் தயவுசெய்து இதைக் கேட்டு வாங்குங்கள்.

"எனக்கும் சுகர் இருக்கு, நான் ஏறலையா?" ஏறுங்கள், நல்லது. கால் விரல் எடுத்தவரோடு உங்களை ஏன் ஒப்பிடுகிறீர்கள்?

"லிஃப்ட் இருக்கே." சென்னைக்குத் தெற்கே, கரையிலிருந்து மாற்றப்பட்டவர்கள் இருக்கிற பெரும்பாக்கம் குடியிருப்பில் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி. லிஃப்ட் நின்றால் ஏழாம் மாடிக்காரர் வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்க வேண்டியதுதான். ஓடும்போதும் சின்ன லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்க வைத்து ஏற்ற முடியாது. கீழ்வீடு கிடைத்தால்கூட முடிந்துவிடாது. வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். கழிப்பறைக் கதவு இரண்டரை அடி. கதவு நிலை போக மிஞ்சுகிற இடைவெளியில் வீல்சேர் முட்டி நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கூவம் கரையில் இருந்தவரைக்கும் சென்ட்ரல் எதிரே இருக்கிற அரசு பொது மருத்துவமனை பக்கம். பெரும்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் சுமார் 25 கிலோமீட்டர். வாரம் மூன்று தடவை ஊசி போட்ட கையோடு பஸ்ஸில் நின்று வருகிறவரைப் பார்த்து நடிப்பு என்கிறீர்கள். அவர் கேட்டா அங்கே போனார்?

கரையில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போதே யாரால் படி ஏற முடியாது என்று கேட்டு எழுதிவிடலாம். கீழ்வீடுகளை முதலில் அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குச் சீட்டு எடுக்கட்டும். எல்லார் பேரையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டு, மறுநாள் நோயாளியை மேடைக்கு முன்னால் நிறுத்திக் கெஞ்ச வைக்காதீர்கள்.