107 பேருக்கு ஒரே வாக்கு

2025 அக்டோபர் 7 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், பல பெயர்களைச் சேர்த்து ஏற்கும் புதிய விதியின்படி 107 பேரின் நியமனம் ஒரே வாக்கெடுப்பில் முடிந்துவிட்டது, இனி நிர்வாகம் விரைவாக நடக்கும் என்று நன்கு படித்த நண்பர்களே மகிழ்வதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. 51க்கு 47 என்ற அந்த ஒற்றைக் கணக்கில் இந்தியாவுக்கான தூதர் செர்ஜியோ கோரும் அடக்கம், பஹாமாஸுக்கான தூதர் ஹெர்ஷல் வாக்கரும் அடக்கம். இவர்களில் யாரை யார் ஏற்றார்கள், யாரை யார் மறுத்தார்கள் என்பதை அந்தக் கணக்கிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது.

அதிபர் பெயரை முன்மொழிய வேண்டும், செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசமைப்புச் சட்டம். ஒப்புதல் ஓர் ஆளுக்குத் தரப்படுவது. 107 பேரில் ஒருவரை மட்டும் ஏற்க முடியாத உறுப்பினர் என்ன செய்வார்? மற்ற 106 பேரையும் மறுக்க வேண்டும், அல்லது அந்த ஒருவரையும் சேர்த்து விழுங்க வேண்டும்.

முதல் அதிபர் வாஷிங்டனே பட்டியல்தானே அனுப்பினார் என்பீர்கள். ஆம், 1789 ஆகஸ்டில் துறைமுக அதிகாரிகளாக ஏறத்தாழ நூறு பேரின் பெயர்களை அனுப்பினார். அதிலிருந்து சவானா துறைமுகத்துக்கான பெஞ்சமின் ஃபிஷ்போர்ன் என்ற ஒரே ஒரு பெயரைத் தனியே எடுத்து மறுத்தது செனட். வாஷிங்டன் வருத்தப்பட்டு அவருக்காகப் பரிந்து எழுதினார். ஆனாலும் வேறொரு பெயரை அனுப்பினார். பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் ஒரு பெயரை நிறுத்த முடிந்தது. இன்று தொலைந்திருப்பது அதுதான்.

எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி ஒவ்வொரு பெயரையும் இழுத்தடித்ததே என்ற கேள்வி நியாயமானது. 2023இல் குடியரசுக் கட்சியின் டாமி டியூபர்வில் என்ற ஒரே உறுப்பினர் நானூறுக்கும் மேற்பட்ட இராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வை மாதக்கணக்கில் முடக்கினார், அதுவும் தவறுதான். 2013இல் பெரும்பாலான நியமனங்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல எளிய பெரும்பான்மையே போதும் என்று விதியை முதலில் தளர்த்தியவர்கள் ஜனநாயகக் கட்சியினர் என்பதையும் நான் மறைக்கவில்லை. தாமதம் நோய் என்றால் விவாத நேரத்தைக் குறையுங்கள், ஒரு நாளில் முப்பது வாக்கெடுப்புகள்கூட நடத்துங்கள். பெயரை மட்டும் அழிக்காதீர்கள்.

செனட்டின் குழுக்கள் இவர்களை ஏற்கெனவே விசாரித்துவிட்டன என்றும் சொல்கிறார்கள். குழு அவையாகிவிடாது. அமைச்சர்களும் நீதிபதிகளும் இந்தப் புதிய விதிக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. தனி வாக்கெடுப்பின் பலனைப் பாருங்கள்: இந்த விதி வருவதற்கு முன், 2025 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அமைச்சர் பதவிக்கு பீட் ஹெக்செத்தின் பெயர் தனியாக வந்தபோது, சொந்தக் கட்சியிலேயே மூவர் எதிர்த்து வாக்களிக்க முடிந்தது. துணை அதிபரின் வாக்கால் அவர் தேறினார், ஆனால் எதிர்த்தவர்கள் யார் என்று நாடே அறியும். தூதர் பதவிக்கும் துணைச் செயலர் பதவிக்கும் அந்தத் தெளிவு வேண்டாமா?

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக்குழுவில் இருந்தேன். ஒரே தாளில் பதினான்கு பெயர்கள், அடியில் கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு. ஒன்பதாவது பெயரின் மேல் விரலை வைத்து, "இவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்" என்றேன். "ஒருவருக்காகப் பதின்மூன்று பேரைக் காக்க வைக்கப் போகிறீர்களா?" என்றார் தலைவர். மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். கையெழுத்திட்டேன்.

ஓர் ஆண்டுக்குப் பின், அந்த ஒன்பதாவது மனிதரின் கீழ் வேலை பார்க்க முடியாமல் விலகிய இளம்பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "நீங்களும் சரியென்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டாள். நான் மறுத்ததற்கு எந்தத் தாளிலும் அடையாளம் இல்லை.