பிள்ளைக்கு அட்மிஷன், வீட்டுக்குச் சட்டம்

முதல் நாள் நான் வேலைக்குக் கட்டிக்கொண்டு போனது பாணும் இறால் பொரியலும். லண்டனின் வடமேற்குப் பக்கம் ஒரு ஆர்த்தடாக்ஸ், அதாவது மரபு வழுவாத, யூத ஆரம்பப் பள்ளி. பெயர் வேண்டாம். கணக்கு, ஆங்கிலம் மாதிரிப் பாடங்களுக்கு எங்களைப் போல வெளி ஆட்களையும் எடுப்பார்கள். நான் வகுப்பு உதவியாளர். அலுவலகத்தில் இருந்த பெண் என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். செதிலும் செட்டையும் இல்லாத கடலுணவு எதுவும் அவர்களுக்குக் கோஷர் இல்லை, அதாவது அவர்களின் சமய விதிப்படி சாப்பிடக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. "இதைக் காருக்குள் வைத்துவிட்டு வாருங்கள், மதியம் காரிலேயே சாப்பிடலாம்" என்றார். குரலில் துளி கோபம் இல்லை. என்னிடம் கார்தான் இல்லை. அன்று மதியம் பஸ் தரிப்பில் குந்தியிருந்து சாப்பிட்டேன்.

அங்கே ஒன்பது வருடம் இருந்தேன். அதனால்தான் இந்தப் பதிவு. போன ஞாயிறு ஒரு சாமத்திய வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கட அந்தப் பள்ளிக்கூடத்தில தாய் என்ன உடுக்கிறாள், எந்த போன் வச்சிருக்கிறாள் எண்டெல்லாம் கேப்பினமாமே? பிள்ளையைப் படிப்பிக்கத்தானே பள்ளிக்கூடம், பொம்பிளையளைக் கட்டுப்படுத்த இவை ஆர்?" சாமத்திய வீட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்டது எனக்குச் சிரிப்பாக இருந்தது. சரி, அது வேறு பதிவு.

கேட்பார்கள், உண்மைதான். சேர்க்கும்போதே பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள். வீட்டில் கோஷர் சமையல், இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம். வெள்ளி பொழுது படுவதிலிருந்து சனி இரவு வரை சபாத் என்ற ஓய்வு நாள், அந்த நேரம் கார் ஓடுவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு முழங்காலை மூடும் பாவாடை, முழங்கையை மூடும் சட்டை. ஆண் பிள்ளைகளுக்குத் தலையில் கிப்பா என்ற சின்னத் தொப்பி, சட்டைக்கு உள்ளே குஞ்சம் வைத்த சிட்சிட். கூட்டிப்போக வரும் தாய் தகப்பனும் அந்த ஒழுங்குக்கு ஏற்றபடி உடுத்தி வர வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமை மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும். வேலைக்குப் போகும் பெற்றோர் அதற்கும் தயாராக இருக்க வேண்டும். அப்புறம் காசு. அரசு நிதியில் நடக்கும் பள்ளி சமயப் பாடத்துக்குக் கட்டணம் வாங்க முடியாது, அதனால் 'விருப்ப நன்கொடை' என்று கடிதம் வரும். அந்த விருப்பம் எவ்வளவு விருப்பம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதில் பாதி எனக்கு முதலில் அத்துமீறலாகத்தான் பட்டது. மனம் மாறியது ஒரு பிறந்தநாள் கேக்கால். இரண்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் பெரிய கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டியில் யூத சமய நீதிமன்றத்தின் கோஷர் முத்திரை இல்லை. பெட்டியைத் திறக்கவே இல்லை. அப்படியே திரும்பிப் போனது. அவன் அழ, எனக்கும் கண் கலங்கியது. அன்று பின்னேரம் வகுப்பு ஆசிரியை சொன்னார்: "இந்த வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஒரு வீடு கோஷர் இல்லை என்றால் மற்ற இருபத்தேழு பேரும் அந்த வீட்டுக்கு விளையாடப் போனால் ஒன்றும் சாப்பிட முடியாது. பிறகு போகவே மாட்டார்கள். அந்தப் பிள்ளைதான் தனிமைப்படும். அதற்காகத்தான் வீட்டைப் பற்றி முதலிலேயே கேட்கிறோம்." அதுவரை அந்தச் சட்டத்தை நான் வேவு பார்க்கும் வேலை என்றே நினைத்திருந்தேன். ஒரு வீட்டுப் பிள்ளை மற்ற வீட்டில் கை நனைப்பதற்கான ஏற்பாடு அது என்று அன்றுதான் விளங்கியது.

பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் பத்து வருடம் படிப்பித்தவள். "வீட்டில் தமிழில் கதையுங்கோ" என்று ஒவ்வொரு வருடமும் கெஞ்சுவோம். தாய் தகப்பன் வாசலில் நின்று தலையாட்டிவிட்டு அந்த இடத்திலேயே பிள்ளையோடு ஆங்கிலத்தில் தொடங்குவார்கள். நாங்கள் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை.

போன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. இணையம்தான் இவர்களுக்கு இன்றைய பெரிய பயம். 2012 மே மாதம் நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தில் இதற்காகவே ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள், அத்தனை பேரும் ஆண்கள். கடும் ஆசாரக்காரரான ஹரேடிகளின் பள்ளிகள் பலவற்றில் இப்போது வீட்டுக் கணினிக்கும் பெற்றோரின் ஸ்மார்ட்போனுக்கும் வேண்டாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி போட்டதற்குச் சான்று கேட்கிறார்கள். போட்டுக் கொடுப்பதற்கென்றே டேக் என்ற அமைப்பின் அலுவலகங்கள் இருக்கின்றன. எங்கள் பள்ளி அவ்வளவு கடுமை இல்லை. ஆனாலும் ஒரு சுற்றறிக்கை வந்தது: பள்ளி வாசலில் ஸ்மார்ட்போன் வேண்டாம், வடிகட்டி இல்லாத போன் வீட்டிலும் வேண்டாம். அந்தச் சுற்றறிக்கையைக் கடைசியில் திரும்பவும் எடுக்கிறேன்.

தாய்மாரின் தலைமுடிக்கும் சட்டம் உண்டு. கல்யாணமான பெண் முடியை மறைக்க வேண்டும். பலர் ஷெய்ட்டல் என்ற விக் போடுவார்கள். அது தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒருமுறை குறிப்பு வந்தது. அந்த வாரம் என்னோடு வேலை செய்த பெண் ஒருவர் தேநீர் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "திருப்பதியில் முடி கொடுக்கும்போது நீங்கள் மனதில் என்ன நினைப்பீர்கள்?" எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் கதையைச் சொன்னார். விக்குக்கான இந்திய முடியில் ஒரு பங்கு திருப்பதி மொட்டையிலிருந்து வருவது. 2004 இல் ஜெருசலேமின் மூத்த ரபி, அதாவது யூத மதகுரு, யோசெப் ஷாலோம் எல்யாஷிவ், அது வேறு தெய்வத்துக்குப் படைத்த பொருள், அதைப் போடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு முன் லண்டனிலிருந்து ரபி அஹரோன் டேவிட் டன்னர் திருப்பதிக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருவில் விக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். சில ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதி. ரபிகளின் கேள்வி இதுதான்: முடியே காணிக்கையா, அல்லது முடியை இழப்பதுதான் காணிக்கையா?

அம்மாவைத் தொலைபேசியில் கேட்டேன். "என்ன விசர்க் கதை பிள்ளை, சாமிக்கு என்னத்துக்கு மயிர்? எங்கட வடிவு, எங்கட செருக்கு, அதைக் குடுக்கிறது" என்றா. அடுத்த நாள் அதை அப்படியே சொன்னேன். அந்தப் பெண் தன் விக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "உங்கள் அம்மாவை எங்கள் ரபிகளிடம் அனுப்ப வேண்டும்" என்றார்.

இப்போது எனக்குக் கோபம் வரும் பக்கம்.

இங்கே கென்டனில் நம் ஆட்கள் பலருக்கு ஜேஎஃப்எஸ் என்ற யூதப் பள்ளியைத் தெரிந்திருக்கும். 1732 இல் தொடங்கிய பள்ளி, 2002 இல் கென்டனுக்கு வந்தது. இடம் கிடைக்க முன்பு ஒரே நிபந்தனைதான்: தலைமை ரபியின் அலுவலகம் ஏற்கிற விதத்தில் பிள்ளை யூதராக இருக்க வேண்டும், அதாவது தாய் யூதராக இருக்க வேண்டும். ஒரு பெடியனின் தகப்பன் யூதர். தாய் இத்தாலியர், கத்தோலிக்கராக இருந்து யூத மதத்துக்கு மாறியவர். ஆனால் மாறியது ஆர்த்தடாக்ஸ் அல்லாத ஆலயத்தில். இடம் இல்லை என்றார்கள். வீட்டில் ஒரு வழிபாடும் இல்லாத, கடவுளே இல்லை என்கிற குடும்பமாக இருந்தாலும் தாய் யூதர் என்றால் பிள்ளைக்குக் கதவு திறக்கும்; நம்பிக்கையோடு மாறியவளின் பிள்ளைக்குத் திறக்காது. 2009 டிசம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் இது நேரடி இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. நிர்வாகிகள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதையும் நீதிபதிகள் சொன்னார்கள்.

தீர்ப்பு சரி என்பதே என் கட்சி. ஆனால் அதன் பிறகு நடந்தது வேடிக்கை. பிறப்பைக் கேட்க முடியாதென்றால் நடத்தையைத்தான் கேட்க வேண்டும். எத்தனை தரம் சினகாக் என்ற யூத ஆலயத்துக்கு வந்தீர்கள் என்று சான்றிதழ் வந்தது. சபாத்தில் எழுதுவதே விலக்கு. வந்தவரின் பெயரை எப்படிக் குறித்துக்கொள்வது என்பதே ஒரு புதிராகிப் போனது. சிரிக்காதீர்கள், கத்தோலிக்கப் பள்ளிக்கு ஃபாதரின் கையெழுத்து வாங்கும் நம் ஆட்களுக்கு இந்த ஓட்டம் நன்றாகத் தெரியும். பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் பக்தி வரும், ஏழாம் வகுப்பில் இடம் கிடைத்ததும் போய்விடும்.

இதைவிட மோசமானவை உண்டு. 2015 இல் லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் பெல்ஸ் என்ற கடும் ஆசார ஹசிடிக் சமூகத்தின் பள்ளிகள் ஒரு கடிதம் அனுப்பின: தாய் கார் ஓட்டிக் கொண்டுவந்து விட்டால் பிள்ளையை உள்ளே எடுக்க மாட்டோம். அன்றைய கல்வி அமைச்சர் நிக்கி மோர்கனே இதை ஏற்க முடியாது என்றார். மேற்குக் கரையில் இம்மானுவேல் என்ற குடியிருப்பில் பெண்கள் பள்ளி ஒன்று. அங்கே அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய வழி வந்த யூதப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு. பிரார்த்தனையை அஷ்கெனாசி உச்சரிப்பில்தான் சொல்ல வேண்டும் என்பது அதன் சட்டங்களில் ஒன்று. கிழக்கத்திய யூதக் குடும்பங்களை வடிகட்ட அது ஒன்று போதும். சேர்ந்து படிக்க விடுங்கள் என்று நீதிமன்றம் சொல்ல, மாட்டோம் என்று 2010 ஜூனில் முப்பதுக்கு மேற்பட்ட தகப்பன்மார் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களுக்கு ஆதரவாக வீதிக்கு வந்த கூட்டமோ பெருங்கூட்டம்.

ஆகவே அந்த உறவுக்காரப் பெண்ணுக்கு என் பதில் இது. பெரியவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்; பிடிக்காவிட்டால் வேறு பள்ளி இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் மீறினால் கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தாய் கார் ஓட்டியதற்கு ஆறு வயதுப் பிள்ளையை வாசலில் நிறுத்துவது எந்த மதத்திலும் எனக்கு விளங்கவில்லை. கேக்குக்கு அழுத பெடியனுக்கு மறு நாளே வகுப்பில் எல்லாரும் சாப்பிடக்கூடிய கேக் ஒன்றைப் பள்ளியே வாங்கி வைத்தது. அந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறேன்.

சுற்றறிக்கை வந்த கிழமை ஒரு வெள்ளிக்கிழமை. மழை. தாய் வரப் பிந்தியதால் ஒரு சின்னப் பிள்ளையோடு நான் வாசலில் நின்றேன். தாய் கையில் பழைய மடக்கு போன் ஒன்றோடு ஓடி வந்தார். டிராஃபிக், மன்னியுங்கள் என்றார். பிள்ளை என் கையை விடவில்லை. இழுத்துக் குனிய வைத்து, காதுக்குள் சொன்னாள்: "அம்மாவிடம் இன்னொரு போன் இருக்கு. அது காருக்குள் இருக்கும். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."