புரட்டாசியோடு முடிந்துவிடும் யோகம்

யோகம் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆசனம். அடுத்து, கண்ணை மூடி அமரும் தியானம். ஆனால் 195 சூத்திரங்கள் கொண்ட, பதஞ்சலியின் யோக சூத்திரம் என்னும் நூலில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே. யோகத்தின் எட்டு உறுப்புகளை அடுக்கும்போது பதஞ்சலியும், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலரும், முதலில் வைப்பது இயமத்தை, அதாவது பிறரோடு நாம் நடந்துகொள்ளும் முறையை. தியானம் ஏழாவதாகத்தான் வருகிறது. இயமத்தையும், அடுத்து வரும் நியமத்தையும் (நாம் நமக்கே வகுத்துக்கொள்ளும் ஒழுக்கம்) விட்டுவிட்டு ஏழாவதில் தொடங்குவதால்தான், "உட்கார்ந்தால் மனம் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல் இவ்வளவு பரவலாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் இயமம் நமக்குப் புதிதன்று. சபரிமலைக்கு மாலை போட்டவரைக் கவனியுங்கள். ஒரு மண்டலம், 41 நாள், அவர் புலாலும் மதுவும் தொடுவதில்லை, பிரம்மச்சரியம் காக்கிறார், கோபம் வந்தாலும் விழுங்கிக்கொள்கிறார். வீட்டில் எல்லோரும் அவரைச் 'சாமி' என்கிறார்கள், அவரும் எதிரில் வரும் ஆட்டோக்காரர் முதல் அலுவலக மேலாளர் வரை எல்லோரையும் 'சாமி' என்றே அழைக்கிறார். அகிம்சை, வாய்மை, கள்ளாமை, பிரம்மச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை எனப் பதஞ்சலி சொல்லும் ஐந்தில் பெரும்பகுதியை, அவற்றின் பெயர்கூடத் தெரியாமல், அவர் கடைப்பிடித்துவிடுகிறார். கந்த சஷ்டியின் ஆறு நாளும், புரட்டாசிச் சனிக்கிழமைகளும் அப்படித்தான். சிக்கல், அவை முடியும் தேதியில் இருக்கிறது. ஐப்பசியின் முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தை யோக நூல் முன்பே கண்டுகொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. இனம், இடம், காலம், சூழல் என்னும் நான்கு வரம்புகளும் இல்லாமல் காக்கப்படும்போதுதான் இயமம் மகாவிரதம் ஆகிறது என்கிறது இரண்டாம் பாதத்தின் (அத்தியாயத்தின்) 31ஆம் சூத்திரம். அந்நூலின் உரையாசிரியர் வியாசர் ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு தருகிறார். முதல் மூன்று இவை: மீனைத் தவிர வேறு உயிரைக் கொல்லாத மீனவர்; புண்ணியத் தலத்தில் மட்டும் கொல்லமாட்டேன் என்பவர்; பதினான்காம் திதியான சதுர்த்தசியன்று கொல்லமாட்டேன் என்பவர். (பிழைப்புக்காகக் கடலுக்குப் போகும் மீனவரை இதற்கு இழுத்தது எனக்கு உவப்பாக இல்லை, அநியாய வட்டிக்காரர் எவரையாவது சொல்லியிருக்கலாம்.) சதுர்த்தசி என்று அவர் எழுதிய இடத்தில் புரட்டாசி என்று போட்டுக்கொண்டால் அது நம் வீட்டுக் கதைதான். வரம்புள்ள விரதத்தை நான் இழிவாகப் பார்க்கவில்லை. நாற்பது நாள் நாவை அடக்கத் தெரிந்த ஒருவருக்கு நாற்பத்தோராம் நாளுக்குப் பிறகு அது தெரியாமல் போய்விடாது. வேண்டியது அந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்துவதுதான்.

இதற்கு நான் முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வது, உணவை அன்று, பேச்சை. அதே பாதத்தின் 34ஆம் சூத்திரம், வன்முறை முதலியவை நாமே செய்தவை, பிறரைக் கொண்டு செய்வித்தவை, பிறர் செய்ததற்கு உடன்பட்டவை என மூவகைப்படும் என்கிறது. பேராசை, சினம், மயக்கம் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து அவை பிறக்கின்றன. மென்மை, நடுத்தரம், கடுமை என்று அளவிலும் வேறுபடுகின்றன. இவற்றைப் பெருக்கி 27 என்றும், அளவை இன்னும் நுணுக்கிப் பிரித்து 81 என்றும் வியாசர் கணக்கே போட்டுவிடுகிறார். கணக்கு இருக்கட்டும், அந்த 'உடன்பட்டவை' என்னும் வகைதான் இன்றைக்கு நம்மை நேராகத் தொடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவரை அவமதித்து வந்த செய்தியை நாம் எழுதவில்லை, ஆனால் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டோம். ஒரு சமூகத்தையே பழிக்கும் காணொளியை நாம் எடுக்கவில்லை, ஆனால் நாலு பேருக்கு அனுப்பினோம். யோக நூலின் கணக்கில் இவை நம் பெயரிலும் எழுதப்படுகின்றன.

இதற்கும் தியானத்துக்கும் தொடர்பு உண்டு. இரவு பத்து மணிக்குச் சொந்தக்காரர் ஒருவரோடு சூடாக வாதிட்டுவிட்டுக் காலையில் கண்ணை மூடி அமர்ந்தால், மனம் மூச்சைக் கவனிக்காது. அவருக்கு அடுத்து என்ன பதில் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கும். இன்புற்றிருப்பவரிடம் நட்பு, துன்புற்றவரிடம் இரக்கம், நல்லவரிடம் மகிழ்ச்சி, தீயவரிடம் விலகி நிற்கும் அமைதி ஆகியவற்றைப் பழகுவதால் உள்ளம் தெளியும் என்று பதஞ்சலி முதல் பாதத்திலேயே (33ஆம் சூத்திரம்) சொல்வது இதனால்தான். எனக்கு இவற்றுள் கடினமானது முதலாவது. சித்தப்பா மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது முழு மனத்தோடு மகிழ்வது, எந்தப் பிராணாயாமத்தைவிடவும் கடினமான பயிற்சி.

பிராணாயாமம் என்றதும் ஓர் எச்சரிக்கை. 16, 64, 32 என்று மூச்சை இழுத்து, நிறுத்தி, விடும் அளவைத் திருமூலர் பாடியிருக்கிறார் என்பதற்காக, யூடியூப் பார்த்து வீட்டில் 64 எண்ணிக்கை மூச்சை நிறுத்திப் பார்க்காதீர்கள், குறிப்பாக இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள். அதற்கு ஆசிரியர் வேண்டும்.

தனியாகத் தியானத்துக்கு நேரம் இல்லையே என்பவர்களுக்கு ஒன்று. வியாசர் உரை மந்திரம் ஓதுவதையும் வீடுபேறு பற்றிய நூல்களைப் படிப்பதையும், நியமங்களில் ஒன்றான சுவாத்தியாயம் என்றே கொள்கிறது. ஆகவே மார்கழியில் திருப்பாவையோ திருவெம்பாவையோ ஓதும் வீட்டில் நியமத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஓதி முடித்ததும் உடனே எழுந்து அடுப்படிக்கு ஓடாமல், அதே இடத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும்; செயலி வேண்டாம், கட்டண முகாம் வேண்டாம்.

திருமூலரின் இயமப் பட்டியல் பதஞ்சலியினுடையதைவிட நீளமானது. கொல்லாமை, பொய்யாமை, களவின்மை ஆகியவற்றோடு 'பகுந்துண்பான்' என்று பகிர்ந்துண்பவனையும் அதில் சேர்க்கிறார். ஆகவே, அடுத்த ஐப்பசியில் புலால் தட்டுக்குத் திரும்புகிறதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். புரட்டாசியில் காத்த நாவடக்கத்தைத் தைப்பொங்கல் வரையாவது நீட்டலாம். சமைத்ததில் ஒரு பங்கை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு, மிச்சம் மீதியாக இல்லாமல், நாம் உண்ணும் முன்பே எடுத்து வைக்கலாம்.