நைட் டூட்டியில் தூங்குவதும் டூட்டிதான்

நடுராத்திரியில் வார்டு மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கும் நர்ஸையோ டாக்டரையோ யாராவது செல்போனில் எடுத்துப் போட்டால், விடிவதற்குள் ஊரெல்லாம் பரவிவிடுகிறது. "மக்கள் வரிப்பணத்தில் தூக்கமா?" என்று கீழே கேட்கிறார்கள். பிரசவ வார்டில் நெடுநாளாக நைட் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் நான். பக்கத்தில் ஒருத்தர் விழித்திருக்க, முறை வைத்து அரை மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தவர் கையில்தான் உங்கள் வீட்டுப் பெண் பத்திரமாக இருப்பாள். இதைக் கோபத்தோடு சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

1997இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் ஊரில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைதான், அதாவது 0.03 சதவீதம். காலை எட்டு மணிக்கு ஓ.பி.க்கு (வெளிநோயாளிகள் பிரிவுக்கு) வந்த ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர், ராத்திரி ஒரு மணிக்குள்ளேயே அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். அதற்குப் பிறகுதான் வலிப்போடு வரும் கர்ப்பிணிக்கு, வலிப்பை நிறுத்தும் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட வேண்டியிருக்கும். அந்த மருந்து அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பது, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். விடிகாலை மூன்று, நான்கு மணிக்கு உடம்பு தானாகவே சோர்ந்து விழும் நேரத்தில், எழுதிய மருந்து அளவையே மறுபடி மறுபடி படித்தாலும் மனதில் ஏறாது.

அதனால் தூக்கம் மூன்று மணிக்கு முன்பே வேண்டும், குட்டித் தூக்கமாக இருக்க வேண்டும். இருபது, முப்பது நிமிடம் போதும். அதைத் தாண்டி ஆழ்ந்து தூங்கியவரை எழுப்பினால் கொஞ்ச நேரம் திசை தெரியாது, பிரசவ அறையில் அது ஆபத்து. யார் எப்போது படுக்கிறார், அதுவரை யார் வார்டைப் பார்க்கிறார் என்பதை எழுதி வைக்க வேண்டும். ஒரே ஒரு நர்ஸ் வார்டு முழுவதையும் தாங்கும் இரவுகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பற்றாக்குறையைத்தான் நீங்கள் வீடியோ எடுத்துப் போட வேண்டும்.

தூக்கத்தைப் பற்றியாவது யாராவது பேசுகிறார்கள். குளியலறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பனிக்குடம் உடைந்தால் நம் காலுறை வரை நனையும். ரத்தம், வாந்தி, குழந்தையின் மலம் எல்லாம் யூனிஃபார்மில் படும். அதோடு விடியும் வரை நிற்கலாமா? மாற்றிக்கொள்ளப் போனால் நோயாளிகளும் கூட இருப்பவர்களும் பயன்படுத்தும் கழிவறைதான் இருக்கும், தாழ்ப்பாளும் இருக்காது. அதற்குப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் சிஸ்டர்களை எனக்குத் தெரியும். விளைவு நீர்க்கடுப்பு, காய்ச்சல். மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்ற இடமில்லாமல் தவிப்பது ஆண் அதிகாரிகள் பலருக்குத் தோன்றவே தோன்றாது.

புதிதாக வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது: இன்னொரு செட் துணி, உள்ளாடை, துண்டு, சோப்பு பையில் எப்போதும் இருக்கட்டும். மோதிரம், வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். இங்கிலாந்தில், நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் சாதாரணக் கல்யாண மோதிரம் தவிர முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக் கூடாது என்று 2007இல் அறிவித்தார்கள். கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். அழுக்கு யூனிஃபார்மைத் தனிக் கவரில் கட்டி எடுத்துப் போய், குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் துவைத்து வெயிலில் போடுங்கள். ஆனால் மனசு ஆறவில்லை. வார்டுப் படுக்கை விரிப்பைத் துவைக்கும் மருத்துவமனை, அதே ரத்தம் பட்ட எங்கள் உடுப்பை ஏன் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு அனுப்புகிறது?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கைகால் கழுவ வசதி, துணி வைக்க இடம், 150 பேருக்கு மேல் வேலை செய்தால் ஓய்வறை என்று எழுதியிருந்தார்கள். மருத்துவமனையிலேயே வேலை பார்த்துக்கொண்டு மேற்படிப்புப் பயிற்சி பெறும் ரெசிடென்ட் டாக்டர்களைத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் வழக்கமாக வேலை வாங்கக் கூடாது என்று மத்திய அரசு சொன்னது 1992இல். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், நீண்ட டூட்டிக்கு நடுவே ஒரு பயிற்சி டாக்டர் பெண் ஓய்வெடுக்கப் போன இடம் செமினார் ஹால். அங்கேதான் அவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில்தான், 36 மணி நேர டூட்டி பார்ப்பவர்களுக்குச் சுகாதாரம், ஓய்வு போன்ற அடிப்படைத் தேவைகள்கூட இல்லை என்று உச்ச நீதிமன்றம் எழுதியது.

வீட்டிலும் ஒன்று சொல்ல வேண்டும். நைட் முடித்துக் கண் எரிய வரும் பெண், குளித்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போகிறாள். பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, பத்து மணிக்குப் படுத்தால் குக்கர் விசில், காலிங் பெல், சொந்தக்காரர் போன். "பகல்ல தூங்கினா மூதேவி வரும்" என்று இன்னமும் சொல்கிற வீடுகள் உண்டு. அவளுக்கு அது ராத்திரி, அம்மா. ஜன்னலுக்குத் திரை போடுங்கள், போனை வாங்கி வையுங்கள், அன்றைய சமையலை வேறொருவர் பார்க்கட்டும். தூக்கக் கலக்கத்தில் அவள் ஸ்கூட்டர் ஓட்டி வருவதைவிட, யாராவது போய்க் கூட்டி வந்தால் நல்லது.

நம் சங்கங்களுக்கு: சம்பளக் கோரிக்கையோடு இதையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தளத்திலும் பெண் பணியாளருக்குத் தாழ்ப்பாளோடு ஒரு குளியலறை, வெந்நீர், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் விரிப்பு மாற்றும் கட்டில், உள்ளிருந்து பூட்டும் கதவு. புதுக் கட்டடத்துக்கு வரைபடம் போடும்போதே ஆக்சிஜன் குழாய்க்கு இடம் விடுகிறார்களே, அதே நாளில் இதற்கும் இடம் விடச் சொல்லுங்கள்.