உலகக் கோப்பையை வென்ற மூன்றாவது நாடு

‘நெட்பால் (கூடைப்பந்து போன்ற ஆட்டம்) உலகக் கோப்பையை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தவிர யாரும் வென்றதில்லை’ என்ற தகவல் வலம் வருகிறது. தவறு. கரீபியத் தீவு நாடான டிரினிடாட் அண்ட் டொபேகோவும் வென்றிருக்கிறது.

1979-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், சொந்த மண்ணில், அந்த இரு நாடுகளோடும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அப்போது இறுதிப்போட்டி என்ற ஏற்பாடே கிடையாது. லீக் ஆட்டங்களின் புள்ளிகள்தான் கணக்கு. மூன்று அணிகளும் முதலிடத்தில் சமமாக நின்றதால் மூவருமே சாம்பியன். இறுதிப்போட்டி 1991 சிட்னியில்தான் வந்தது. அதில் ஆஸ்திரேலியா 53-52 என நியூசிலாந்தை வென்றது.

தனியாகப் பட்டம் வென்றவர்களை மட்டும் எண்ணினால் 1979 விடுபட்டுவிடும். அது ஒருநாள் அதிர்ஷ்டமும் அல்ல: டிரினிடாட் அண்ட் டொபேகோவுக்கு 1983 சிங்கப்பூரில் மூன்றாமிடம், 1987 கிளாஸ்கோவில் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து இரண்டாமிடம்.